சொந்தமா ஒரு போர்டு கேம் பண்ணேன், ரெண்டாவது தடவை ஆட யாரும் வர மாட்டேங்குறாங்க

மொய்நோட்டு எழுதியது:

வணக்கம் மக்களே. எனக்கு ஊர் பேராவூரணி பக்கம், வேலை சென்னையில. ஆடி மாசம் வந்தா எங்க ஏரியால மொய் விருந்து எப்படி நடக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன், கறிச்சோறு போட்டு ஊரைக் கூப்பிடுவாங்க, சாப்பிட்டவங்க மொய் எழுதிட்டுப் போவாங்க, வாங்குனவரு பின்னாடி அவங்க விருந்து வைக்கிறப்ப அதைத் திருப்பணும், வாங்குனதை மட்டும் அப்படியே வச்சா கணக்கை முடிச்சுக்கறோம்னு அர்த்தம், உறவு தொடரணும்னா மேல புது மொய் சேர்த்து வைக்கணும். சின்ன வயசுல இருந்து எங்கப்பாவோட மொய் நோட்டைப் பாத்துப் பாத்து இதுக்குள்ளயே ஒரு கேம் ஒளிஞ்சிருக்கேனு தோணிட்டே இருந்துச்சு, லாக்டவுன்ல உக்காந்து பண்ண ஆரம்பிச்சேன்.

4 பேர் ஆடலாம். ஆளுக்கு 5,000 ரூபா விளையாட்டுக் காசு. ரெண்டு டைஸ் போட்டு போர்டைச் சுத்தி வரணும், நடுவுல கல்யாணம், காதுகுத்து, ஆடி விருந்துனு விருந்துக் கட்டம் வரும், அதுல போய் நின்னா நீங்க விருந்து வைக்கலாம், மத்த மூணு பேரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு மொய் வைக்கணும். மொத்தம் 12 ரவுண்டு. கடைசில யார்கிட்ட காசு அதிகமோ அவங்க ஜெயிச்சாங்க.

தெரிஞ்ச ஒரு பையனை வச்சு படம் எல்லாம் வரைஞ்சு, பந்தி, வாழை இலை, மைக் செட்டுனு சூப்பரா வந்துச்சு, ஒரு பிரஸ்ல குடுத்து 20 செட்டு அடிச்சேன், எல்லாம் சேத்து 14,000 ரூபா ஆச்சு. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப சொந்தக்காரங்களை உக்கார வச்சு ஆடுனோம். "நல்லாருக்குடா"ன்னாங்க. மறுநாள் எடுத்துட்டு வந்தேன், ஒருத்தருக்கு தலைவலி, ஒருத்தருக்கு மாட்டைக் கட்டணும், மச்சான் நேராவே "ரம்மி போடலாமா"ன்னுட்டான்.

எனக்கே தெரியுது எங்கயோ இடிக்குதுனு. மொதல்ல யாரு விருந்து வைக்கிறாங்களோ அவங்க தான் பெரும்பாலும் ஜெயிக்கிறாங்க. கடைசி ரெண்டு ரவுண்டுல எவனும் மொய் வைக்க மாட்டேங்குறான், திருப்பி வாங்க வாய்ப்பே இல்லனு தெரிஞ்சதும் ஆளுக்கு பத்து ரூபா வச்சுட்டு சிரிக்கிறான். அப்புறம் ரெண்டரை மணி நேரம் இழுக்குது. இந்த கட்டான், பேண்டமிக் மாதிரி பெரிய கேம் பண்றவங்கல்லாம் எப்படிங்க டெவலப் பண்றாங்க, மொதல்ல கதையைப் பிடிப்பாங்களா ரூலைப் பிடிப்பாங்களா? இன்னொன்னு, இங்க ஐடியாவைச் சொல்லிட்டேன், யாராவது சுட்டுருவாங்களோனு பயமாவும் இருக்கு.

சீட்டுக்கட்டு எழுதியது:

ப்ரோ, மொதல் வேலையா அந்த 20 செட்டையும் பரண்ல ஏத்துங்க. கோவிச்சுக்காதீங்க, நானும் இதே தப்பைப் பண்ணவன் தான். அழகா அடிச்ச போர்டுல ஒரு கட்டத்தை அடிக்கணும்னா நமக்கு கை வராது, காசு போச்சேனு அந்த கட்டத்தைக் காப்பாத்தறதுக்குன்னே புது ரூல் ஒண்ணு சேப்போம். ஆடுறவங்களும் அப்படித்தான், பளபளனு இருக்கற பொருளைக் காட்டி எப்படி இருக்குன்னு கேட்டா முகத்துக்கு நேரா நல்லா இல்லனு யாரும் சொல்ல மாட்டாங்க. சார்ட் பேப்பர்ல பென்சில்ல கிறுக்கிக் காட்டுங்க, வாய் தானா திறக்கும்.

உலகம் பூரா நோய் பரவாம தடுக்கற பேண்டமிக் கேமை மேட் லீகாக் ஆரம்பிச்சது சாதாரண சீட்டுக்கட்டையும் பேப்பர்ல கையால கோடு போட்ட மேப்பையும் வச்சுத்தான். அது கடைக்கு வந்தது 2008ல. அந்த கேமோட உயிரே எபிடமிக் கார்டு தான், அது வந்தா ஏற்கனவே நோய் வந்த ஊர் சீட்டெல்லாம் எடுத்துக் கலைச்சு திரும்ப கட்டுக்கு மேலயே வச்சுருவாங்க, அதனால அடி வாங்குன ஊரே திரும்ப அடி வாங்கும், ஆடுறவனுக்கு வயித்தைக் கலக்கும். யோசிச்சுப் பாருங்க, இதைக் கண்டுபிடிக்க கையில சீட்டு இருந்தா போதும், ஒரு படமும் தேவையில்ல.

நான் பண்றது இதுதான். பழைய ரம்மி கட்டு ரெண்டு மூணு, பிளாஸ்டிக் ஸ்லீவ், உள்ள வெள்ளைப் பேப்பரை வெட்டிச் சொருகி பேனாவால எழுதறது. ஒரு ரூல் பிடிக்கலையா, ஆட்டத்துக்கு நடுவுலயே சீட்டை உருவி கிழிச்சுப் போட்டு வேற எழுதிச் சொருகலாம், செலவு நாலணா கூட கிடையாது.

கதையா ரூலானு கேட்டீங்க, ரெண்டு வழியிலயும் வந்திருக்காங்க. எலிசபெத் ஹார்கிரேவ் பறவை பாக்கறதுல பைத்தியம், எக்செல் ஷீட்ல ஒவ்வொரு பறவைக்கும் எங்க வாழும், என்ன தின்னும், எப்படிக் கூடு கட்டும், றெக்கை எவ்ளோ நீளம்னு போட்டு வச்சு அதுல இருந்து விங்ஸ்பேன்ங்கற கேமைப் பண்ணாங்க, 2019ல வந்தது, 170 பறவைக் கார்டு. தகவலே ரூலா மாறிடுச்சு. உங்களுக்கும் அதே ராசி தான், அப்பா நோட்டு இருக்கே, அதுல என்னென்ன பழக்கம் இருக்கோ அதெல்லாம் ரூலுக்கு விதை.

இப்ப உங்க கடைசி ரவுண்டு பிரச்சனைக்கு வரேன், எனக்கு இதுதான் ரொம்ப புடிச்சிருக்கு. நிஜ மொய்க்கு முடிவுனு ஒண்ணு இருக்கா? அப்பன் போனா மகன் தலையில நோட்டு ஏறுது, அதனால தான் எல்லாரும் ஒழுங்கா திருப்புறாங்க. உங்க கேம்ல 12வது ரவுண்டோட முடியும்னு எழுதி வச்சுட்டீங்க, முடிவு தெரிஞ்சா எவனும் துரோகம் பண்ணத்தான் செய்வான். முடிவை மறைங்க. ஒரு 40 கார்டு கட்டு வச்சு ஒவ்வொரு முறைக்கும் ஒண்ணு புரட்டுற மாதிரி பண்ணுங்க, அடியில இருக்கற 10 கார்டுக்குள்ள "முடிஞ்சது"னு ஒரு கார்டைக் கலந்து கீழ வச்சுருங்க. பேண்டமிக்ல கட்டை சம பங்கா பிரிச்சு பங்குக்கு ஒரு எபிடமிக்கைக் கலந்து அடுக்குவாங்க, கிட்டத்தட்ட அதே டெக்னிக் தான், எப்பனு சரியா தெரியாது ஆனா வரும்னு தெரியும். பத்து ரூபா வச்சு சிரிச்சவன் அடுத்த கார்டு புரட்டுனதும் ஆட்டம் இன்னும் முடியலனு பாத்து முழிப்பான் பாருங்க.

டெஸ்ட் பண்றப்ப ஒண்ணே ஒண்ணு, வாயைத் தைச்சுக்கோங்க. நான் ஒரு டவுன் பஸ் கேம் பண்ணிட்டு இருந்தேன், கண்டக்டரா கூட்டத்துல டிக்கெட் போடணும். ஆறு தடவை ஆடியாச்சு எல்லாருக்கும் புடிச்சுதுனு நெனச்சேன். ஏழாவது தடவை எனக்கு தொண்டை கட்டிக்கிச்சு, பேச முடியல, சும்மா நோட்டுல குறிச்சுட்டு உக்காந்திருந்தேன், அப்பத்தான் தெரியுது ஒவ்வொரு முறையும் "இல்லல்ல அங்க வைக்காதீங்க, இங்க வச்சா தான் லாபம்"னு நான் தான் நாலு பேருக்கும் ஆடிட்டு இருந்திருக்கேன். அன்னிக்கு இருபதாவது நிமிஷத்துல ஒருத்தி போனை எடுத்தா, இருபத்தி அஞ்சுல இன்னொருத்தன். இப்பல்லாம் கேம் முடிஞ்சப்புறம் எப்படி இருந்துச்சுனு நான் கேக்கறதே இல்ல, யாரு எந்த நிமிஷம் போனை எடுத்தாங்கனு மட்டும் குறிச்சுக்கறேன்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

20 செட்டு பரண்ல சும்மா தானே கிடக்கு, ஒண்ணு எனக்கு அனுப்புங்க. நான் கேம் பண்றப்ப ஒண்ணேகால் செட்டா திருப்பி வைக்கிறேன்.

தாயக்கட்டை எழுதியது:

தம்பி, நான் கணக்கு டியூஷன் எடுக்கறவ, போர்டு கேமெல்லாம் என் பசங்க வாங்கி வந்து தான் பழக்கம், ஆனா உங்க முதல் பிரச்சனை டைஸ்ல இருக்குனு பாத்த உடனே தெரியுது. விருந்து வைக்கணும்னா கட்டத்துல போய் நிக்கணும், நிக்கறது டைஸ் கையில, அப்ப மொய் வைக்கிற மூளை எல்லாம் யாருக்கு அதிர்ஷ்டம் மொதல்ல அடிக்குதோ அவங்களுக்கு கூலி வேலை பாக்குது.

நம்ம தாயத்தையே எடுத்துக்கோங்க. பித்தளைக் கட்டை ரெண்டு, ஒண்ணுல நாலு பக்கம், 0 1 2 3னு இருக்கும். மொத்தம் 16 விதமா விழும். அதுல ஒண்ணு விழறது, அதாவது தாயம், ரெண்டே விதம் தான். எட்டுல ஒரு பங்கு. எட்டு தடவை உருட்டிட்டும் தாயம் விழாம வெளியவே உக்காந்திருக்கறவங்க மூணு பேர்ல ஒருத்தர், போட்டுப் பாருங்க எட்டுல ஏழு பங்கை (7/8) எட்டு தடவை பெருக்கி, 0.34 வரும். எங்க பாட்டி வீட்டுல தாயம் விழாம அழுத சித்தி ஒருத்தி உண்டு, அவங்களுக்காகவே "மூணு சுத்து விழலைன்னா சும்மா இறங்கலாம்"னு தாத்தா ரூலை மாத்திட்டாரு. வீட்டுக்கு வீடு தாயம் ரூல் மாறுதுல்ல, அதெல்லாம் யாரோ ஒரு சித்தி அழுததுல வந்தது தான்னு எனக்கு ஒரு எண்ணம். அதுவும் டெவலப்மெண்ட் தானே, பேரு வைக்கல அவ்ளோதான்.

கட்டான் தீவுல வீடு கட்டி சரக்கு சேக்கற கேம், அதுல ரெண்டு டைஸ், 36 விதம், 7 விழறது ஆறு விதம், 6ம் 8ம் ஆளுக்கு அஞ்சு, 2ம் 12ம் ஒண்ணே ஒண்ணு. இதை அந்த கேம் பண்ண மனுஷன் மறைக்கவே இல்ல பாருங்க, நிலத்து மேல வைக்கற ஒவ்வொரு நம்பர் டோக்கன்லயும் நம்பருக்கு கீழ எத்தனை விதம்னு புள்ளி வச்சு, 6ஐயும் 8ஐயும் சிவப்புல போட்டுருக்காரு. கணக்குத் தெரியாத என் மாமியாரே புள்ளி அதிகமா இருக்கற இடமாப் பாத்து வீடு கட்டுவாங்க. அப்புறம் யார் உருட்டுனாலும் அந்த நம்பர்ல வீடு இருக்கற எல்லாருக்கும் சரக்கு கிடைக்கும், அதனால அடுத்தவங்க முறையிலயும் கண்ணு டைஸ் மேல தான் இருக்கும். 7 விழுந்தா கையில ஏழுக்கு மேல கார்டு வச்சிருக்கறவங்க பாதியைக் கீழ போடணும், பதுக்கறவங்களுக்கு ஆப்பு. ஒரே டைஸ்ல மூணு வேலை வாங்கியிருக்காரு. உங்க டைஸ் காயை நகத்தறதைத் தவிர வேற என்ன வேலை பாக்குது?

என்னைக் கேட்டா டைஸையே எடுத்துருங்க. யார் எப்ப விருந்து வைக்கிறதுனு ஆடுறவங்களே முடிவு பண்ணட்டும், ஆனா விருந்து வைக்க செலவு இருக்கணும், ஆடு வெட்டணும், பந்தல் போடணும். சீக்கிரம் வச்சா மத்தவங்க கையில காசு இருக்கும் ஆனா அவ்ளோ பேருக்கும் நீங்க கடன்காரர், லேட்டா வச்சா உங்களுக்கு வர வேண்டியது நிறைய இருக்கும் ஆனா ஆட்டம் பாதியில முடிஞ்சுட்டா போச்சு. சீட்டுக்கட்டு சொன்ன மறைஞ்ச முடிவு இங்க தான் சூடு பிடிக்கும்.

ரைன்கரை எழுதியது:

நான் ஜெர்மனில இருக்கேன், அக்டோபர்ல எஸ்ஸன்ல நடக்கற ஷ்பீல்ங்கற போர்டு கேம் கண்காட்சிக்கு ரெண்டு தடவை போயிருக்கேன், பாக்கறதுக்குத்தான். ஹால் ஹாலா மேஜை போட்டு ஊரே உக்காந்து ஆடிட்டு இருக்கும், எல்லா மேஜையிலயும் அறிமுகமே இல்லாத ஆளுங்க சேர்ந்து உக்காந்திருப்பாங்க, ஃபுட்கோர்ட்ல இடம் கிடைக்கறது தான் கஷ்டம்.

கட்டான் பண்ண கிளவுஸ் டாய்பர் டார்ம்ஸ்டாட் பக்கத்துல பல் டெக்னீசியனா வேலை பாத்தவரு. பல்லு செட்டு பண்ற வேலை. சாயங்காலம் வீட்டு பேஸ்மெண்ட்ல உக்காந்து கேம் செதுக்கி, மேல கொண்டு வந்து பொண்டாட்டி புள்ளைங்களோட ஆடிப் பாப்பாராம். கட்டான் 1995ல வந்து அந்த வருஷமே ஷ்பீல் டெஸ் யாரெஸ், அதாவது வருஷத்தோட சிறந்த கேம் விருது வாங்குச்சு, ஆனா அது அவருக்கு முதல் கேமும் இல்ல முதல் விருதும் இல்ல, 88ல பார்பரோஸாங்கற கேமுக்கே அதே விருது வாங்கிட்டாரு. கட்டானுக்கு அப்புறமும் சில வருஷம் வேலையை விடல. இங்க யாரும் வேலையை விட்டுட்டு கேம் பண்ண வேண்டாம்னு சொல்றதுக்காக இதை எழுதறேன்.

சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேற. அவர் மனசுல மொதல்ல இருந்தது ஒரு பெரிய கேம், கடல்ல போய் தீவைக் கண்டுபிடிக்கறது, குடியேறறது, எல்லைக்கு சண்டை போடறதுனு எல்லாமே ஒண்ணுல. அதை உடைச்சு தான் கட்டான் வந்துச்சு, மிச்சத்துல இருந்து எண்ட்டெக்கர், லோவென்ஹெர்ட்ஸ்னு தனித்தனி கேமா பின்னாடி வந்துச்சு. வெட்டி எடுத்ததையும் அவர் தூக்கிப் போடல பாருங்க. உங்க ரெண்டரை மணி நேரத்துல கூட ரெண்டு கேம் இருக்கலாம். கல்யாணம் காதுகுத்துனு எல்லாத்தையும் ஏன் ஒரே போர்டுல ஏத்தணும், ஆடி மாச விருந்து மட்டும் போதாதா?

சுட்டுருவாங்களோங்கற பயத்துக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவுல லிஸி மகீனு ஒரு அம்மா, நிலத்தை வச்சிருக்கறவன் எப்படி மத்தவனை உறிஞ்சுறான்னு காட்டறதுக்காகவே லேண்ட்லார்ட்ஸ் கேம்னு ஒண்ணு பண்ணி 1904ல பேட்டண்ட்டும் வாங்கிட்டாங்க. அது கைமாறி கைமாறி ஊர் ஊரா பரவி, கடைசில சார்லஸ் டாரோங்கறவர் தன்னோட கண்டுபிடிப்புனு பார்க்கர் பிரதர்ஸ்கிட்ட வித்தாரு, அதான் 1935ல வந்த மோனோபோலி. கம்பெனி அந்தம்மாகிட்ட பேட்டண்ட்டை 500 டாலருக்கு வாங்கிக்கிச்சு, ராயல்டி கிடையாது. பேட்டண்ட் கையில இருந்தும் இதான் நிலைமை. பொதுவா ஆட்டத்தோட ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது, நீங்க எழுதுன ரூல்புக் வார்த்தைக்கும் படத்துக்கும் தான் உண்டு. அதனால இங்க டிசைனர்ஸ் மூடி வைக்கறதை விட நாலு பேருக்கு காட்டறதைத் தான் பாதுகாப்புனு நெனைக்கறாங்க, இது இன்னாரோட கேம்னு நூறு பேருக்குத் தெரிஞ்சிருக்கும்ல. 1988ல நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியில சில டிசைனர்ஸ் சேந்து பெட்டி மேல எங்க பேர் போடலைன்னா கேம் தர மாட்டோம்னு ஒரு பியர் கோப்பை அட்டையில எழுதி கையெழுத்து போட்டாங்க, ரைனர் க்னிட்ஸியாவும் அதுல ஒருத்தர். இப்ப பெட்டில பேர் போடறது வழக்கமாவே ஆயிடுச்சு, சினிமா போஸ்டர்ல டைரக்டர் பேர் மாதிரி.

க்னிட்ஸியானு சொன்னதும் ஞாபகம் வருது. கணக்குல டாக்டரேட் வாங்குனவரு, அவரோட டைக்ரிஸ் அண்ட் யூஃப்ரடீஸ்ங்கற கேம்ல நாலு கலர்ல பாயிண்ட் சேப்போம், ஆனா கடைசில எந்த கலர்ல கம்மியோ அதுதான் நம்ம ஸ்கோர். ஒரே கலரை மலை மாதிரி குவிச்சு பிரயோஜனமே இல்ல. நீங்க காசு அதிகம் இருக்கறவன் ஜெயிச்சான்னு வச்சிருக்கீங்க, அதனால தான் எல்லாரும் கஞ்சனா ஆடுறாங்க. மத்த மூணு பேரையும் சொந்தக்காரங்களா வச்சு, அவங்கள்ல யார்கூட உறவு ரொம்ப நோஞ்சானா இருக்கோ அதை வச்சு ஸ்கோர் போட்டுப் பாருங்களேன்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

கடைசி லைன் படிச்சதும் எனக்கு என் மூணு மச்சானும் கண்ணு முன்னாடி வந்துட்டாங்க. ஸ்கோர் மைனஸ்ல போகுமா?

மொய்நோட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க. டைஸைத் தூக்கிட்டேன். போர்டையும் தூக்கிட்டேன், சொல்றப்பவே நெஞ்சு வலிக்குது, அந்த வாழை இலை அவ்ளோ அழகா இருந்துச்சு. இப்ப இருக்கறது 40 கார்டு, கொஞ்சம் காசு, ஆளுக்கு ஒரு நோட்டு. கல்யாணம் காதுகுத்து எல்லாம் போச்சு, விருந்து மட்டும் தான். ரைன்கரை சொன்ன மாதிரி காசுக்கு பதிலா உறவை வச்சு ஸ்கோர், மூணுல எது கம்மியோ அது.

போன வாரம் ஊருக்குப் போய் அம்மா, அத்தை, மச்சான், பக்கத்து வீட்டு அண்ணன் நாலு பேரை உக்கார வச்சு நான் வாயைத் திறக்காம ஓரமா உக்காந்துட்டேன். ஒரு மணி பத்து நிமிஷம். மச்சான் போனை எடுத்தது நாப்பதாவது நிமிஷத்துல, அதுவும் கால் வந்துச்சு அதனால. முடிவு கார்டு அடியில இருந்து அஞ்சாவதுல வந்துச்சு, அதுக்கு முந்தின முறை தான் அண்ணன் விருந்து வைக்காம பொறுத்திருந்தாரு, "எனக்கு வர வேண்டியதெல்லாம் போச்சே"னு கத்துன கத்துல கோழி ஓடிருச்சு.

ஆனா பெரிய விஷயம் எங்கம்மா பண்ணது. நோட்டுல எழுத மாட்டேன்னுட்டாங்க. யார் எவ்ளோ வச்சாங்கனு எல்லாமே மனசுல வச்சிருந்தாங்க, அத்தை தப்பா எழுதுனதைக் கூட திருத்துனாங்க. நான் ஒவ்வொருத்தர் நோட்டும் ரகசியம்னு ரூல் வச்சிருந்தேன், அம்மா அதைக் கேட்டுட்டு "என்னடா ரகசியம், மொய் எழுதுனா மைக்குல படிப்பாங்கல்ல, ஊருக்கே தெரியணும், அப்பத்தானே வைக்கிறவனுக்கு வெக்கம் இருக்கும்"னாங்க. நான் இத்தனை மாசமா இதை யோசிக்கவே இல்ல, சத்தியமா. உடனே மாத்திட்டோம், மொய் வைக்கிறப்ப தொகையை ஒரு தடவை சத்தமா சொல்லணும், அப்புறம் நோட்டை மூடிரணும், திரும்ப யாரும் பாக்கக் கூடாது. அதுக்கப்புறம் பத்து ரூபா வைக்கிற பழக்கமே நின்னு போச்சு, அதை வாயால சொல்ல யாருக்கும் மூஞ்சி இல்ல.

புதுப் பிரச்சனை என்னன்னா ஞாபக சக்தி இருக்கறவங்களுக்கு ரொம்ப சாதகமா ஆயிடுச்சு, அம்மா ரெண்டு ஆட்டமும் ஜெயிச்சாங்க. இதை எப்படி சமாளிக்கறது? அப்புறம் ரூல்புக் எழுதட்டுமா?

தாயக்கட்டை எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க தம்பி. ஞாபகத்துக்கு ஒரு வழி, தொகையை இஷ்டத்துக்கு விடாதீங்க. 101, 201, 501, 1001னு நாலே தொகை மட்டும் வச்சுப் பாருங்க. நினைவு வச்சுக்கவும் சுலபம், மொய்க்கும் அந்த ஒரு ரூபா இல்லைன்னா நல்லா இருக்காது.

சீட்டுக்கட்டு எழுதியது:

மைக் ரூல் செம, அது எந்த டிசைனரும் சென்னையில உக்காந்து எழுதியிருக்க முடியாது.

ரூல்புக் இப்பவே எழுதுங்க, ஆனா மொய் விருந்துன்னா என்னனே தெரியாத ஆளுங்ககிட்ட குடுக்கணும். உங்க ஊர்க்காரங்க ஆடுனா பாதி ரூல் அவங்க ரத்தத்துலயே இருக்கு, எழுதாம விட்டது கூட உங்களுக்கு தெரியாது. பெட்டியைக் குடுத்துட்டு ரூமை விட்டு வெளிய போயிருங்க, முடிஞ்சா செல்லுல வீடியோ மட்டும் ஓட விடுங்க. எந்த வரியில வந்து ரெண்டு பேர் ரூல்புக்கைப் பிடுங்கிக்கறாங்களோ அந்த வரியைத் திருத்தணும், அவ்ளோதான். எங்க குரூப் ஞாயித்துக்கிழமை பெங்களூர்ல கூடும், பாதிப் பேர் வடக்கத்திக்காரங்க, மொய்னா என்னன்னு கேப்பாங்க, உங்களுக்கு அதைவிட நல்ல ஆளுங்க கிடைக்க மாட்டாங்க. கையால எழுதுன கார்டையே கொண்டு வாங்க.

மொய்நோட்டு எழுதியது:

வரேன் ப்ரோ, அடுத்த ஞாயிறு. இங்கிலீஷ்ல எழுதறப்ப "புது மொய்"க்கு என்ன போடறதுனு தான் ரெண்டு நாளா முட்டிட்டு இருக்கேன்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

அப்படியே மொய்னே போடுங்க, கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும். என் செட்டு எப்ப வரும்?